கைட்: பருந்திலிருந்து பட்டம் வரை ஓர் ஆங்கிலச் சொல்லின் வரலாறு

கைட் என்னும் ஆங்கிலச் சொல் இன்று பெரும்பாலோருக்குப் பட்டத்தை நினைவூட்டுகிறது. ஆனால் நூல் கட்டி வானில் விடும் அந்த விளையாட்டுப் பொருளுக்கு இப்பெயர் வருவதற்கு ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன்பே அது ஒரு வேட்டைப் பறவையின் பெயராக இருந்தது. பிளவுபட்ட வாலும் நீண்ட சிறகுகளும் கொண்டு, சிறகடிக்காமல் நெடுநேரம் வட்டமிடும் பருந்துதான் அந்தப் பறவை. பறவையிலிருந்து பட்டத்துக்கும், பட்டத்திலிருந்து வங்கி மோசடி, அரசியல் வெள்ளோட்டம், கணித வடிவம், தர முத்திரை ஆகியவற்றுக்கும் இச்சொல் பரவியது. அது இவ்வாறு பெருகிய அதே காலத்தில், இங்கிலாந்தில் அப்பறவை முற்றிலுமாக அழிந்தது. சொல்லின் வரலாறும் பறவையின் வரலாறும் ஒன்றோடொன்று பின்னியவை. ஆதலால் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சொல்லின் பிறப்பு

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் 'கீட்ட' என்பதற்கு நெருங்கிய ஒலியுடன் வழங்கியது. அதன் முதல் உயிர், உதடுகளைக் குவித்துக்கொண்டு 'ஈ' என்று சொல்லும்போது எழும் ஒலி. தமிழ் எழுத்தில் அதைச் சரியாகக் காட்ட இயலாது. இலத்தீன் சொற்களுக்கு ஆங்கிலப் பொருள் எழுதிவைத்த மிகப் பழைய சொற்பட்டியல்களிலேயே இச்சொல் காணப்படுகிறது. அங்கே அது வேறொரு பருந்தினத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லுக்கு இணையாகத் தரப்பட்டுள்ளது. பறவைகளை நுட்பமாக இனம்பிரிக்கும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. வானில் வட்டமிடும் பெரிய பறவைகள் சிலவற்றுக்கு ஒரே பெயர் பொதுவாக வழங்கியது என்றே கொள்ளலாம்.

ஆங்கிலத்தின் உறவு மொழிகளில் பருந்தைக் குறிக்க இதே சொல் இல்லை. ஜெர்மன் மொழியில் சிறு ஆந்தையைக் குறிக்கும் 'கௌட்ஸ்' என்னும் சொல்லே இதற்கு நெருங்கிய உறவாகக் கருதப்படுகிறது. ஆந்தைக்கும் பருந்துக்கும் தோற்றத்தில் ஒற்றுமை குறைவு. எனவே சொல்லாய்வாளர்கள் குரலைக் காரணமாகக் காட்டுகிறார்கள். பருந்தின் கூர்மையான, நீண்ட கீச்சுக் குரலும் ஆந்தையின் கத்தலும் ஒலிக்குறிப்பாக மாறி, ஒரே வேரிலிருந்து இரண்டு பறவைப் பெயர்களைத் தந்திருக்கலாம். தமிழில் காகம், குயில் ஆகிய பெயர்களைக் குரலோடு இணைத்துப் பார்ப்பது போன்ற விளக்கம் இது.

'கீட்ட' எவ்வாறு 'கைட்' ஆனது என்பதற்கு விடை தெளிவாக உள்ளது. முதலில் குவிந்த உயிர் இயல்பான ஈகாரமாகியது. இறுதி உயிர் தேய்ந்து மறைந்தது. பின்னர், ஏறத்தாழ 15ஆம் நூற்றாண்டு முதல் 17ஆம் நூற்றாண்டு வரை, ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் பெரிய அளவில் இடம்மாறின. ஈகார ஒலிகள் 'ஐ' என்றாயின. 'டைம்', 'ஒயிட்' ஆகிய சொற்களும் முன்பு ஈகாரத்துடன் ஒலித்தவையே. எழுத்திலும் மாற்றம் நேர்ந்தது. நார்மன் படையெடுப்புக்குப் பின் பிரெஞ்சு எழுத்து வழக்கம் ஆங்கிலத்தில் புகுந்தது. அவ்வழக்கப்படி 'சி' என்னும் எழுத்துக்குப் பின் இகர ஒலி வந்தால் அதைச் சகரமாக வாசித்துவிடுவார்கள். அக்குழப்பத்தைத் தவிர்க்க, இச்சொல்லின் முதலெழுத்தாக 'கே' இடம்பெற்றது.

இதே பறவைக்கு வேறு பெயர்களும் இருந்தன. 'கிளீட்' என்பது ஒன்று. சறுக்கிச் செல்வதைக் குறிக்கும் 'கிளைடு' என்னும் வினையோடு உறவுடைய சொல் அது. காற்றில் வழுக்கிச் செல்லும் பறவை என்பது அதன் பொருள். 'பட்டக்' என்பது மற்றொன்று. 1611-ஆம் ஆண்டு வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியப் பதிப்பில், உண்ணத்தகாத பறவைகளின் பட்டியலில் கிளீட், கைட் இரண்டும் அடுத்தடுத்து இரு வேறு பறவைகளாக இடம்பெறுகின்றன. காலப்போக்கில் கிளீட் வட்டார வழக்காகச் சுருங்கி, கைட் பொதுப் பெயராக நிலைத்தது. ஆயினும் இடப்பெயர்களில் கிளீட் தங்கிவிட்டது. லீட்ஸ் நகரத்தின் ஒரு பகுதியான கிளெடோ, 'பருந்துக் குன்று' என்னும் பொருள் தரும் பழைய பெயர்.

தெருவைத் துப்புரவாக்கிய பறவை

இங்கிலாந்தில் கைட் எனப்பட்டது செம்பழுப்பு நிறமுடைய ஐரோப்பியச் செம்பருந்து. லின்னேயஸ் 1758-இல் அதற்கு அறிவியல் பெயர் தந்தார். தமிழ்நாட்டில் செம்பருந்து எனப்படும் வெண்தலைப் பறவை வேறு. அதைப்பற்றிப் பின்னர் காணலாம். ஐரோப்பியச் செம்பருந்து வலிமையான வேட்டைக்காரப் பறவை அன்று. எலி, முயல்குட்டி, மண்புழு ஆகியவற்றைத் தின்னும். செத்த விலங்குகளும் கழிவுமே அதற்கு எளிதில் கிடைக்கும் உணவு.

இடைக்கால நகரங்களில் அத்தகைய உணவுக்குக் குறைவில்லை. இறைச்சிக் கடைக்காரர்கள் குடலையும் கழிவையும் தெருவிலேயே கொட்டினார்கள். சாக்கடையும் தெருவும் ஒன்றாகவே இருந்தன. பருந்துகளும் அண்டங்காக்கைகளும் அவற்றைத் தின்று தீர்த்தன. 1500-ஆம் ஆண்டை ஒட்டி இங்கிலாந்துக்கு வந்த வெனிஸ் நாட்டுத் தூதுக்குழுவினர் ஒருவர் எழுதிய குறிப்பு இதற்கு நல்ல சான்று. பருந்துகள் அச்சமின்றிப் பழகிப்போய், வெண்ணெய் தடவிய ரொட்டியைச் சிறு குழந்தைகளின் கையிலிருந்தே பறித்துச் செல்வதாக அவர் எழுதினார். அவை நகரத்தின் அழுக்கை நீக்குவதால் அவற்றைக் கொல்பவர்களுக்குத் தண்டனை உண்டு என்றும் குறித்தார். 1571-இல் லண்டனுக்கு வந்த தாவரவியலாளர் கரோலஸ் குளூசியஸ், அந்நகரத்துப் பருந்துக் கூட்டத்தைக் கெய்ரோ நகரத்துப் பருந்துக் கூட்டத்தோடு ஒப்பிட்டார்.

மக்களோடு இவ்வளவு நெருங்கி வாழ்ந்த பறவை அவர்களுடைய வசைமொழியிலும் புகுந்தது வியப்பன்று. 16ஆம் நூற்றாண்டில் 'கைட்' என்றால் பிறர் பொருளைப் பறிப்பவன், பேராசைக்காரன் என்னும் பொருளும் ஏற்பட்டது. ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் இச்சொல் பல இடங்களில் வருகிறது. லியர் அரசன் தன் மூத்த மகளை இப்பெயராலேயே ஏசுகிறான். 'குளிர்காலக் கதை' நாடகத்தில் வரும் துணித்திருடன் ஒருவன், பருந்து கூடு கட்டும் காலத்தில் உலர்த்திய சிறு துணிகளைப் பார்த்துக்கொள்ளும்படி சொல்கிறான்.

அது வெறும் கற்பனை இல்லை. செம்பருந்து தன் கூட்டில் கந்தல் துணி, தாள், கம்பளி ஆகியவற்றைச் சேர்த்துவைக்கும் பழக்கமுடையது. அதன் உறவினமான கரும்பருந்தைப் பற்றி ஸ்பெயின் நாட்டின் தோன்யானா தேசியப் பூங்காவில் நடந்த ஆய்வு ஒன்று 2011-இல் வெளிவந்தது. வலிமையான இணைகள் தம் கூட்டை வெள்ளை பிளாஸ்டிக் துண்டுகளால் மிகுதியாக அலங்கரிக்கின்றன என்றும், மற்றப் பருந்துகளுக்கு அது ஓர் எச்சரிக்கை அறிவிப்பு என்றும் அவ்வாய்வு காட்டியது. ஷேக்ஸ்பியர் காலத்துத் துணி திருட்டுக்கும் ஏறத்தாழ இதே காரணம் இருந்திருக்கலாம்.

பருந்தைப் பழித்த மேல்தட்டினருக்கு வல்லூறு உயர்ந்த பறவை. வல்லூறை வளர்த்து வேட்டையாடுவது அரசர்களுக்கும் பிரபுக்களுக்கும் உரிய கலை. பருந்து அக்கலைக்குப் பயன்படாது. அது வல்லூறை விட்டு வீழ்த்தப்படும் இரையாகவே இருந்தது. பிரெஞ்சு மொழியில் இப்பறவைக்கு 'அரச பருந்து' என்று பொருள்படும் பெயர் வழங்குவதும் இதனால்தான். அரசர்கள் விரும்பி வேட்டையாடியதால் வந்த பெருமை அது.

தாளில் ஏறிய பெயர்

பட்டம் சீனத்தில் தோன்றிய பொருள். வணிகர்கள் வழியாக அது ஐரோப்பாவுக்கு வந்துசேர்ந்தபோது, ஒவ்வொரு மொழியும் தான் கண்ட சாயலுக்கு ஏற்பப் பெயர் வைத்தது. இங்கிலாந்தில் ஜான் பேட் என்பவர் 1634-இல் வெளியிட்ட நூலில், வாணவெடி கட்டி விடும் பட்டத்தை 'நெருப்பு நாகம்' என்னும் பொருள்படும் பெயரால் குறித்தார். அப்பெயர் நிலைக்கவில்லை. சாமுவேல் பட்லரின் 'ஹூடிப்ராஸ்' என்னும் அங்கதக் காவியத்தின் இரண்டாம் பாகம் 1664 என்னும் ஆண்டுக் குறிப்புடன் வெளிவந்தது. விளையாட்டுப் பொருளைக் குறிக்கும் பொருளில் கைட் என்னும் சொல்லுக்குக் கிடைத்துள்ள தொடக்கச் சான்று அதுவே. அக்காவியத்தில் ஒரு சோதிடன், பட்டத்தின் வாலில் கட்டிய விளக்கைத் தொலைநோக்கியில் பார்த்து, வானில் புதிய விண்பொருள் தோன்றிவிட்டதாக எண்ணி ஏமாறுகிறான்.

இக்காட்சிக்கு இணையான செய்தி ஐசக் நியூட்டனின் இளமைக் காலத்திலும் உண்டு. கிரந்தம் ஊரில் பள்ளியில் படித்தபோது அவர் தாளில் பட்டம் செய்து, அதன் வாலில் காகித விளக்கைக் கட்டி இரவில் பறக்கவிட்டதாகவும், ஊர் மக்கள் அதை வால்மீன் என்று அஞ்சியதாகவும் வில்லியம் ஸ்டக்லி தாம் எழுதிய நியூட்டன் வாழ்க்கைக் குறிப்புகளில் பதிவு செய்துள்ளார்.

பருந்தின் பெயர் பட்டத்துக்கு ஏன் வந்தது? பருந்து தன் பிளவுபட்ட வாலை இருபுறமும் திருப்பிச் சுக்கான்போல் பயன்படுத்தும். காற்றை எதிர்த்துச் சிறகடிக்காமல் ஒரே இடத்தில் மிதப்பதுபோல் தோன்றும். திடீரென ஒருபக்கம் சாய்ந்து சரியும். நூலில் ஆடும் பட்டமும் இதையேதான் செய்கிறது. லண்டன் மக்கள் நாள்தோறும் தலைக்கு மேல் பார்த்த காட்சி பருந்து. ஆகவே புதிய பொருளுக்குப் பெயர் தேட அவர்கள் தொலைவு செல்ல வேண்டியிருக்கவில்லை.

மற்ற மொழிகளோடு ஒப்பிட்டால் இது மேலும் விளங்கும். ஜெர்மானியர் பட்டத்தை 'டிராகன்' என்னும் கற்பனை விலங்கின் பெயராலும், ரஷ்யர் பாம்பின் பெயராலும், ஸ்பானியர் வால்மீனின் பெயராலும் அழைக்கிறார்கள். பிரெஞ்சில் அது 'பறக்கும் கலைமான்'. டச்சு மொழியில் 'பறப்பது' என்று மட்டும் சொல்வார்கள். ஜப்பானில் முன்பு கணவாய் மீனின் பெயரும் பின்னர் எண்காலியின் பெயரோடு ஒத்த ஒலியுடைய சொல்லும் வழங்கின. தொங்கும் வால்களே காரணம். தமிழில் காற்றாடி என்பது காற்றில் ஆடுவது என்னும் செயலால் வந்த பெயர்.

ஆங்கிலத்தைப் போலவே பருந்தைத் தேர்ந்த மொழி சீனம். அங்கே பட்டத்துக்குரிய பழைய பெயர்களுள் ஒன்றின் பொருள் 'தாள் பருந்து'. தத்துவஞானி மோட்சு மூன்று ஆண்டுகள் உழைத்து மரப்பருந்து ஒன்றைச் செய்தார் என்றும், அது ஒரே நாள் பறந்து உடைந்துபோயிற்று என்றும் 'ஹான் பெய்ட்சு' என்னும் பழஞ்சீன நூல் கூறுகிறது. இரு மொழிகளும் ஒன்றையொன்று பார்த்துக் கடன் வாங்கின என்று கொள்ள வேண்டியதில்லை. ஒரே பறவையின் பறப்பை இரு நாட்டினரும் தனித்தனியே கவனித்தார்கள் என்பதே இயல்பான விளக்கம்.

பட்டத்திலிருந்து கிளைத்த பொருள்கள்

18ஆம் நூற்றாண்டில் பட்டம் அறிவியல் கருவியாகவும் மாறியது. ஸ்காட்லாந்தில் அலெக்சாண்டர் வில்சன் 1749-இல் வெப்பமானிகளைப் பட்டத்தில் கட்டி உயர அனுப்பினார். பெஞ்சமின் பிராங்க்ளின் 1752-இல் இடிமழை மேகத்தின் மின்தன்மையைப் பட்டத்தைக்கொண்டு ஆராய்ந்ததை வெளியிட்டார். மார்க்கோனி 1901 டிசம்பர் 12 அன்று நியூபவுண்ட்லாந்தில் அட்லாண்டிக் கடலைக் கடந்துவந்த வானொலிக் குறிப்பைப் பெற்றபோது, அவருடைய அலைவாங்கிக் கம்பியை உயர்த்திப் பிடித்திருந்ததும் ஒரு பட்டமே.

பேச்சு வழக்கிலும் புதிய பொருள்கள் முளைத்தன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உண்மையான வணிகம் எதுவும் நடக்காமலேயே கடன் பெறுவதற்காக எழுதப்படும் உறுதிச்சீட்டைக் 'கைட்' என்றார்கள். காற்றைத் தவிர வேறு எதுவும் அதைத் தாங்கவில்லை என்பது கருத்து. பின்னர் இச்சொல் காசோலை மோசடிக்கும் பரவியது. ஒருவருக்கு இரண்டு வங்கிகளில் கணக்கு இருக்கிறது. இரண்டிலும் பணம் இல்லை. முதல் வங்கியின் காசோலையை இரண்டாம் வங்கியில் செலுத்துகிறார். அது பணமாகும் முன், அந்தத் தொகை வந்துவிட்டதுபோல் எடுத்துச் செலவிடுகிறார். முதல் காசோலை திரும்பாமல் இருக்க, இரண்டாம் வங்கியின் காசோலையை முதல் வங்கியில் செலுத்துகிறார். காசோலைகள் வழியில் இருக்கும் சில நாள் இடைவெளியே இந்தப் பட்டத்தைத் தாங்கும் காற்று. வங்கிகள் கணினி வழியே உடனுக்குடன் கணக்குத் தீர்க்கத் தொடங்கியதும் அந்த இடைவெளி பெரிதும் குறுகிவிட்டது.

அரசியலில் 'பட்டம் விடுதல்' என்றால், ஒரு திட்டத்தை அறிவிக்கும் முன் அதைப்பற்றிய செய்தியை மட்டும் கசியவிட்டு மக்கள் எண்ணத்தை அறிதல். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்ப்பது போன்றது அது. அமெரிக்கப் பேச்சு வழக்கில் 'போய்ப் பட்டம் விடு' என்றால் தொல்லை செய்யாமல் போ என்று பொருள். குடிபோதையில் மிதப்பவரைப் 'பட்டம்போல் உயரத்தில் இருக்கிறார்' என்பார்கள். அமெரிக்கச் சிறைகளில் கைதிகள் எழுதி அனுப்பும் துண்டுச்சீட்டுக்கும், பிரிட்டிஷ் விமானப்படை வீரர்களின் கொச்சை வழக்கில் விமானத்துக்கும் இதே பெயர் உண்டு.

அடுத்தடுத்த பக்கங்கள் இரண்டிரண்டாகச் சமமாக உள்ள நாற்கரத்துக்குக் கைட் என்னும் பெயரை இட்டவர் 19ஆம் நூற்றாண்டுக் கணிதவியலாளர் ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்டர் எனக் கூறப்படுகிறது. தமிழ்க் கணிதப் பாடங்களில் இவ்வடிவம் பட்டம் என்றே வழங்குகிறது. மொழிபெயர்ப்பில் தாள் பட்டம் மட்டும் வந்துசேர்ந்தது. அதற்குப் பின்னால் இருந்த பறவை வரவில்லை. ஆங்கிலத்திலோ இரண்டும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. ஆங்கில நூல்களை மொழிபெயர்ப்பவர்கள் இவ்விடத்தில் தவறுவதுண்டு. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்திய ஆங்கில நூலில் கைட் என்று வந்தால் அது பறவையே என்று கொள்வது பாதுகாப்பான விதி.

பறவையின் வீழ்ச்சி

நகரத்தில் துப்புரவாளராக மதிக்கப்பட்ட பருந்து, நாட்டுப்புறத்தில் பகையாகக் கருதப்பட்டது. கோழிக்குஞ்சுகளைத் தூக்கும் என்பது குற்றச்சாட்டு. ஸ்காட்லாந்தில் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில், 1457-இலேயே, இவற்றைக் கொல்ல ஆணை பிறந்தது. இங்கிலாந்தில் எலிசபெத் அரசி ஆட்சியில் 1566-இல் நிறைவேறிய தானியப் பாதுகாப்புச் சட்டம், தீங்குயிர்கள் என்று பட்டியலிட்ட பறவைகள், விலங்குகளின் தலைக்கு விலை வைத்தது. பங்குக் கோயில் நிர்வாகிகள் ஊராரிடம் வரி திரட்டி அப்பணத்தைக் கொடுத்தார்கள். பல ஊர்க் கோயில் கணக்கேடுகளில் பருந்துத் தலைகளுக்குக் கொடுத்த தொகை இன்றும் காணக்கிடைக்கிறது.

லண்டனில் தெருக்கள் தூய்மையானதும் பருந்துக்கு உணவு குறைந்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நகரத்தில் அவை கூடு கட்டுவதும் ஓய்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் பணக்காரர்கள் துப்பாக்கி வேட்டைக்காகவே கௌதாரி, பெசன்ட் கோழி முதலியவற்றைத் தம் பண்ணைகளில் வளர்த்தார்கள். அவற்றைக் காக்க அமர்த்தப்பட்ட காவலர்கள் வளைந்த அலகுடைய பறவைகள் அனைத்தையும் சுட்டும், பொறிவைத்தும், நஞ்சிட்டும் அழித்தார்கள். அழுகிய இறைச்சியை எளிதில் நாடும் பருந்து நஞ்சுக்கு முதலில் பலியானது. எஞ்சிய சிலவற்றின் முட்டைகளும் தோல்களும் சேகரிப்பாளர்களிடம் நல்ல விலைக்குப் போயின; அரிதாக அரிதாக விலை ஏறியது. 1870களில் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் செம்பருந்து இல்லாமற்போனது. வேல்ஸ் நாட்டின் நடுப்பகுதி மலைப் பள்ளத்தாக்குகளில் மட்டும் ஒருசில இணைகள் ஒளிந்து பிழைத்தன.

1903-ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. வேல்ஸில் எஞ்சிய கூடுகளைக் காக்க முதல் பருந்துக் குழு அமைந்தது அவ்வாண்டில்தான். பிரிட்டனின் தர முத்திரை முதலில் பதிவுபெற்றதும் அதே ஆண்டில்தான். பட்டத்தின் வடிவில் அமைந்த அம்முத்திரைக்குக் 'கைட்மார்க்' என்ற பெயர் வழங்கலாயிற்று. முதலில் டிராம் தண்டவாளங்களுக்கு உரியதாக இருந்த அது, பின்னர் எண்ணற்ற பொருள்களில் ஏறியது. பறவையின் பெயர் நாடெங்கும் பரவிய காலத்தில், பறவையைக் காண ஒரு சில பள்ளத்தாக்குகளைத் தேடிப் போக வேண்டியிருந்தது. வேல்ஸில் பின்னர் பெருகிய பருந்துகள் ஒரே ஒரு பெண்பறவையின் வழிவந்தவை என்று மரபியல் ஆய்வுகள் கருத இடமளித்தன. அழிவின் விளிம்பு எவ்வளவு அருகில் இருந்தது என்பதை அது உணர்த்துகிறது.

இந்தியாவில் கைட்

ஆங்கிலேயர் இந்தியாவுக்கு வந்தபோது தங்கள் நாட்டுப் பருந்தின் உறவினங்கள் இங்கே ஊர்தோறும் பறப்பதைக் கண்டு அதே பெயரை இட்டார்கள். வெண்தலையும் செம்பழுப்பு உடலும் கொண்டு, நீர்நிலைகளை ஒட்டி வாழும் செம்பருந்தைப் 'பிராமினி கைட்' என்றார்கள். கருடன் எனக் கருதி மக்கள் அதை வணங்குவதை அவர்கள் கண்டிருந்தார்கள். இப்பறவை ஐரோப்பிய அறிவியல் நூல்களில் முதலில் இடம்பெற்றது புதுச்சேரியின் வழியாகவே. பிரெஞ்சு அறிஞர் பிரிசோன் 1760-இல் இதைப் 'புதுச்சேரிக் கழுகு' என்று விவரித்தார். போடார்ட் 1783-இல் அதற்கு அறிவியல் பெயர் இட்டார்.

ஊர்க்குப்பையில் இரைதேடும் கரும்பருந்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'பரையா கைட்'. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய மருத்துவரும் இயற்கையியலாளருமான தாமஸ் ஜெர்டன் 1862 முதல் 1864 வரை வெளியிட்ட இந்தியப் பறவைகள் நூலிலும், சலீம் அலி 1941-இல் வெளியிட்ட நூலிலும் இப்பெயர் காணப்படுகிறது. 'பரையா' என்பது பறையர் என்னும் தமிழ்ச் சமூகப் பெயரிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குச் சென்ற சொல். அங்கே அது ஒதுக்கப்பட்டவர் என்னும் பொதுப்பொருளைப் பெற்றது. அப்பொருளோடு திரும்பி வந்து ஒரு பறவையின் மேல் ஏறியது. ஒரே உறவின் இரு பறவைகளில் ஒன்றுக்குச் சாதி வரிசையின் உச்சியிலிருந்தும் மற்றதற்கு அடியிலிருந்தும் பெயர் எடுத்தார்கள். இத்தனைக்கும் இரண்டுமே செத்ததைத் தின்னும் பறவைகள். துறைமுகங்களில் மீன்கழிவுக்காகச் செம்பருந்தும் காத்திருக்கும். பறவைகளின் உணவில் இல்லாத ஏற்றத்தாழ்வைப் பெயர் வைத்தவர்கள் அவற்றின் மேல் ஏற்றினார்கள். இன்றைய பறவைப் பட்டியல்களில் 'பரையா கைட்' நீங்கி, கரும்பருந்து என்று பொருள்படும் பெயரே வழங்குகிறது. மற்றப் பெயர் மாறவில்லை.

பட்டம் என்னும் பொருளும் பறவையும் நேருக்கு நேர் மோதும் இடமும் இந்தியாவே. பட்ட விளையாட்டில் எதிரியின் நூலை அறுக்கக் கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூலைப் பயன்படுத்துகிறார்கள். அகமதாபாத்திலும் டெல்லியிலும் பட்டத் திருவிழாக் காலங்களில் எண்ணற்ற கரும்பருந்துகள் அந்நூலில் சிக்கிச் சிறகு அறுபட்டு விழுகின்றன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் நைலான் மாஞ்சாவுக்கும் கண்ணாடித்தூள் பூசிய நூலுக்கும் தடை விதித்தது. டெல்லியில் அடிபட்ட பருந்துகளுக்குச் சிகிச்சை அளிக்கும் சகோதரர்களைப் பற்றி ஷௌனக் சென் இயக்கிய 'ஆல் தட் பிரீத்ஸ்' என்னும் ஆவணப்படம் 2022-இல் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது. ஆங்கிலத்தில் இச்செய்தியைச் சொல்லும்போது ஒரே சொல் இருமுறை வர நேர்கிறது: பெயரைக் கடன் வாங்கிய பொருள், பெயர் தந்த பறவையை அறுக்கிறது.

திரும்பி வந்த பருந்து

இங்கிலாந்தில் கதை வேறு திசையில் சென்றது. 1989 முதல் ஸ்பெயினிலிருந்தும் சுவீடனிலிருந்தும் செம்பருந்துக் குஞ்சுகளைக் கொண்டுவந்து, லண்டனுக்கு மேற்கே சில்டர்ன் குன்றுகளிலும் ஸ்காட்லாந்திலும் விட்டார்கள். அவை பெருகின. 1999-இல் லீட்ஸ் அருகே ஹேர்வுட் பண்ணையிலும் விடப்பட்டன. பருந்துக் குன்று என்று பெயர் பெற்ற கிளெடோ அந்நகரத்தில்தான் உள்ளது. தலைமுறைகளாகப் பொருளிழந்து கிடந்த இடப்பெயருக்கு மேலே மீண்டும் அந்தப் பறவை வட்டமிடுகிறது. இன்று பிரிட்டனில் சில ஆயிரம் இணைகள் வாழ்கின்றன. ஸ்பெயினின் சில பகுதிகளில் இவ்வினம் குறைந்துவருவதால், 2022-இல் இங்கிலாந்திலிருந்து குஞ்சுகள் அங்கே அனுப்பப்பட்டன. கடன் திரும்பச் செலுத்தப்பட்டது.

பழைய சிக்கலும் உடன் வந்திருக்கிறது. ரெடிங் நகரத்தில் பலர் வீட்டுத் தோட்டத்தில் பருந்துகளுக்கு இறைச்சித் துண்டுகள் வைக்கிறார்கள். மனிதரிடம் அச்சம் நீங்கிய பறவைகள் சில்டர்ன் பகுதியில் பூங்காவில் அமர்ந்து உண்பவர்களின் கையிலிருந்து ரொட்டியைப் பறிப்பதாகச் செய்திகள் வருகின்றன. 500 ஆண்டுகளுக்கு முன் வெனிஸ் நாட்டவர் எழுதிய அதே காட்சி இது. அன்று அப்பழக்கத்தைப் பொறுத்துக்கொண்ட ஊர்களில் பருந்து வாழ்ந்தது. பொறுக்காத காலம் வந்தபோது அழிந்தது. கைட் என்னும் சொல்லுக்கு இங்கிலாந்தில் இனிமேலும் பறவை என்னும் பொருள் நிலைக்குமா என்பது, கையிலிருந்து போகும் ஒரு துண்டு ரொட்டியை அந்நாட்டு மக்கள் எவ்வாறு எடுத்துக்கொள்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.